ஒரு நிமிடத்துக்கு ஆறு மூச்சு

இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே, வலது கையின் மூன்று விரல்களை வைத்தால் நாடி தட்டுப்படும். மூக்கு வழியாக மெதுவாக மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்புகள் சற்றே நெருங்கி வரும். நிதானமாக வெளியே விடும்போது துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இடைவெளி கூடும். இளவயதினருக்கு இந்த வித்தியாசம் விரலுக்கே தெரியும். வயதானவர்களுக்குக் குறைவாக இருக்கும், ஈசிஜி எடுத்தால்தான் தெரியும். ஜெர்மானிய உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக் 1847-லேயே இதைக் கருவியில் பதிவு செய்துவிட்டார்.

மூச்சால் மன அழுத்தத்தைக் குறைக்கலாம் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். ஐ.டி. நிறுவனத்தின் மனிதவளத் துறை அதற்குப் பயிலரங்கு நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருங்கினால் பத்திரிகைகள் அதையே எழுதுகின்றன. கைக்கடிகாரம்கூட ஒரு நிமிடம் நிறுத்தி மூச்சு விடச் சொல்லி நினைவூட்டுகிறது. இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, யாருக்குப் பலன், எதில் பலன் என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்கு இப்போது ஆய்வுகள் சேர்ந்துவிட்டன. அவற்றை ஒன்றாக வைத்துப் படித்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. மூச்சுப் பயிற்சி என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று உடம்பில், மூச்சின் வேகத்தால் நடப்பது. இன்னொன்று மனதில், தினமும் சில நிமிடங்கள் ஒரே இடத்தில் கவனத்தை உட்காரவைப்பதால் நடப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் மிகைப்படுத்தலும் வருகிறது, ஏமாற்றமும் வருகிறது.

முதலில் உடம்பு. இதயத் துடிப்பை நினைத்த மாத்திரத்தில் குறைக்க யாராலும் முடியாது. செரிமானமும் ரத்த அழுத்தமும் அப்படித்தான். மூச்சு மட்டும் இரண்டு பக்கமும் கட்டுப்பட்டது. தூங்கும்போது மூளைத்தண்டு பார்த்துக்கொள்கிறது; பேசும்போதும் பாடும்போதும் தண்ணீருக்குள் மூழ்கும்போதும் நாமே கையில் எடுத்துக்கொள்கிறோம். மூச்சின் தாளத்தைப் போடும் நரம்பணுக் கூட்டம் மூளைத்தண்டில் எங்கே இருக்கிறது என்பதை அமெரிக்க விஞ்ஞானி ஜாக் ஃபெல்ட்மனின் குழு 1991-ல் எலிகளிடம் காட்டியது. ப்ரீ-பெட்ஸிங்கர் என்று அதற்குப் பெயர். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு சிறு பகுதி நரம்பணுக்கள், மூளையை விழிப்பிலும் பரபரப்பிலும் வைத்திருக்கும் மையத்துக்கு நேராகச் செய்தி அனுப்புகின்றன என்று 2017-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அந்தச் சிறு பகுதியை மட்டும் நீக்கியபோது சுண்டெலிகள் மூச்சுத் திணறவில்லை. வழக்கத்துக்கு மாறாகச் சாதுவாகிவிட்டன. எலியில் கண்டது மனிதரிலும் அப்படியே என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் மூச்சின் தாளத்துக்கும் மனதின் பரபரப்புக்கும் நடுவே நரம்பு வழியாகவே ஒரு பாதை இருக்கிறது என்பதற்கு இது கண்ணால் பார்த்த சாட்சி.

பயம் வந்தால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்று வால்டர் கேனன் 1915-ல் எழுதினார். பரிவு நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்படுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடுகிறது. மேலாளரின் மின்னஞ்சலுக்கும் ஈ.எம்.ஐ. தேதிக்கும் இதே ஏற்பாடுதான். ஓடுவதற்கு இடமில்லை, தயாரான உடம்பு தயாராகவே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்வது எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம். அதன் பெரிய நரம்பு வேகஸ். அந்த நரம்பைத் தூண்டினால் ஒரு வேதிப்பொருள் சுரந்து இதயத்தை நிதானப்படுத்துகிறது என்பதை ஓட்டோ லோவி 1921-ல் தவளை இதயங்களை வைத்து நிரூபித்தார். 1936-ல் நோபல் பரிசு பெற்றார். மூச்சை வெளியே விடும்போது இதயத்தின் மேல் வேகஸின் பிடி கூடுகிறது, உள்ளே இழுக்கும்போது தளர்கிறது. மணிக்கட்டில் விரலுக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான். வெளிமூச்சை நீட்டினால், பிடி கூடும் நேரமும் நீள்கிறது.

ஆறு என்ற எண் எங்கிருந்து வந்தது? ரத்த அழுத்தம் ஏறினால் இறக்கவும் இறங்கினால் ஏற்றவும் உடம்பில் ஓர் அனிச்சை ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ பத்து நொடி பிடிக்கிறது. மூச்சும் பத்து நொடிக்கு ஒன்று என்று ஓடினால், திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளிய ஊஞ்சல் உயரம் ஏறுவதுபோல, இதயத் துடிப்பின் ஏற்றத்தாழ்வு பெரிதாகிறது. ரஷ்யாவைச் சேர்ந்த எவ்கெனி வாஷில்லோவும் அமெரிக்காவின் பால் லெஹ்ரரும் பல ஆண்டுகள் இதன் பின்னாலேயே நடந்தார்கள். ஆளுக்கு ஆள் இந்த வேகம் சற்று மாறும், பெரும்பாலானோருக்கு நிமிடத்துக்கு நான்கரைக்கும் ஆறரைக்கும் நடுவில் இருக்கும் என்பது அவர்களுடைய அனுபவம்.

இத்தாலியின் பவியா நகரத்து மருத்துவர் லூசியானோ பெர்னார்டி 2001-ல் செய்தது இதைவிடச் சுவையானது. 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவைத்தார். பிறகு அவர்களையே திபெத்திய பௌத்த மந்திரம் ஒன்றைச் சொல்லவைத்தார். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்குச் சுமார் ஆறு என்று தானாக வந்து நின்றது. ரத்த அழுத்தத்தைச் சமன் செய்யும் அந்த ஏற்பாடும் இன்னும் கூர்மையாக வேலை செய்தது. ஜெபமாலையைத் தலைவர் பாதி சொல்ல, மற்றவர்கள் மீதியைச் சொல்வது வழக்கம். தமிழ்நாட்டின் கத்தோலிக்க வீடுகளில் மாலை நேரத்தில் கேட்கிற அதே முறை. ஒரு பாதியைச் சொல்ல ஒரு வெளிமூச்சு, மற்றவர் சொல்லும்போது காத்திருப்பு. யாரும் மூச்சை எண்ணவில்லை, சொற்களே எண்ணிவிட்டன.

தமிழில் மூச்சைக் கணக்கிட்ட மரபு மிகப் பழையது. திருமூலரின் திருமந்திரத்தில் மூன்றாம் தந்திரம் யோகத்துக்கே ஒதுக்கப்பட்டது. அங்கே பிராணாயாமத்துக்குத் தனிப் பகுதி உண்டு. உள்ளிழுக்கும் பூரகம் 16 மாத்திரை, நிறுத்தும் கும்பகம் 64, வெளிவிடும் ரேசகம் 32 என்று அளவு சொல்லப்படுகிறது. 64 மாத்திரை மூச்சை நிறுத்துவது ஆசிரியரோடு நெடுங்காலம் பழகியவர்களுக்கான காரியம்; வீட்டில் புத்தகம் பார்த்துச் செய்யக் கூடாதது. ஆனால் வெளிமூச்சு உள்மூச்சைப் போல இரண்டு மடங்கு என்ற விகிதம் கவனிக்கத்தக்கது. சித்தர் மரபில் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பார்கள். சிதம்பரம் பொன்னம்பலத்தின் கூரையில் வேயப்பட்ட ஓடுகளும் அதே எண்ணிக்கை என்று சொல்லப்படுகிறது. வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்குப் பதினைந்து. ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 என்று இன்றைய மருத்துவப் பாடநூல்கள் தரும் அளவுக்குள் அது கச்சிதமாக உட்கார்கிறது.

யோக மரபு மூச்சை ஆளச் சொல்கிறது. பௌத்த மரபு வேறு வழியில் போகிறது. மஜ்ஜிம நிகாயம் என்ற பௌத்த நூல் தொகுப்பில் உள்ள ஆனாபானசதி சூத்திரம் 16 படிகளில் மூச்சைக் கவனிக்கச் சொல்கிறது: நீண்ட மூச்சு என்றால் நீண்டது என்று அறிவது, குட்டை மூச்சு என்றால் குட்டை என்று அறிவது. மாற்ற முயலாமல் பார்ப்பது. பர்மாவில் உ பா கினிடம் கற்ற சத்ய நாராயண் கோயங்கா 1969-ல் இந்தியாவுக்கு வந்து இந்த முறையை முகாம்களாக நடத்தினார். பத்து நாள் முகாமில் முதல் மூன்று நாளுக்கும் மேல் மூக்கு நுனியருகே மூச்சு போய்வருவதைக் கவனிப்பது ஒன்றே பாடம். 1994-ல் டெல்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு அவர் முகாம் நடத்தியதில், அப்போது சிறைத் துறைத் தலைமை அதிகாரியாக இருந்த கிரண் பேடிக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்குப் பல வாரப் பயிற்சி தொடங்கினார். மைண்ட்ஃபுல்னெஸ் என்ற சொல் உலகம் முழுக்கப் பரவியது அங்கிருந்துதான். அதிலும் முதல் பாடம் மூச்சைக் கவனிப்பதே.

ஆய்வுக்கூடத்துக்கு மூச்சு வந்த கதையிலும் இந்தியாவுக்குப் பங்குண்டு. லோனாவாலாவில் சுவாமி குவலயானந்தா 1924-ல் தொடங்கிய கைவல்யதாமம் பிராணாயாமத்தைக் கருவிகளோடு அளந்த முன்னோடி நிறுவனம். 1935-ல் பிரெஞ்சு இதய மருத்துவர் தெரேஸ் பிரோஸ் ஈசிஜி கருவியோடு யோகிகளைத் தேடி வந்தார். யோகிகள் இதயத்தையே நிறுத்துகிறார்கள் என்ற பேச்சு அப்போது பலமாக இருந்தது. 1961-ல் வெங்கர், பாக்சி, ஆனந்த் மூவரும் வெளியிட்ட ஆய்வு அந்தப் பேச்சைச் சரியான இடத்தில் வைத்தது. மூச்சை அடக்கி நெஞ்சுக்குள் அழுத்தத்தைக் கூட்டும்போது மணிக்கட்டில் நாடி மறைகிறது, ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்பதில்லை. ஈசிஜியில் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அற்புதம் போனாலும் உடலியல் மிஞ்சியது. அது போதும்.

நம் கட்டுரைக்கு மிக நெருக்கமான ஆய்வு புதுச்சேரி ஜிப்மரில் நடந்தது, 2013-ல் வெளியானது. 18 முதல் 25 வயதுள்ள மருத்துவத் துறை மாணவர்கள் 90 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வேகமான பிராணாயாமங்கள்: கபாலபாதி, பஸ்த்ரிகா, நாய் இளைப்பதைப் போன்ற குக்குரியா. இன்னொரு குழுவுக்கு நிதானமானவை: நாடிசோதனா, சாவித்ரி, பிரணவம். மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம், 12 வாரம், ஆசிரியர் மேற்பார்வையில் நடந்தது. முடிவில், தங்கள் மன அழுத்தம் குறைந்ததாக வேகக் குழுவும் சொன்னது, நிதானக் குழுவும் சொன்னது. ஆனால் இதயத் துடிப்பும் கீழ்நிலை ரத்த அழுத்தமும் குறைந்தது நிதானக் குழுவுக்கு மட்டும்தான்.

இந்த ஒரு முடிவுக்குள் முழு விஷயமும் இருக்கிறது. மனம் லேசாவதற்கு மூச்சு வேகமாக இருந்தாலும் மெதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உட்கார்ந்து செய்ததே பலன் தந்தது. இதயம் ஆறுவதற்கு மெதுவான மூச்சு தேவைப்பட்டது.

பத்து ஆண்டு கழித்து இங்கிலாந்தில் கை ஃபிஞ்சமும் சகாக்களும் நடத்திய சோதனை இதே இடத்தைத் தொட்டது. 400 பேரில் ஒரு பாதிக்கு நிமிடத்துக்கு ஐந்தரை மூச்சு, மறு பாதிக்குப் பன்னிரண்டு மூச்சு. பன்னிரண்டு என்பது சாதாரண வேகம். ஆனால் பயிற்சியின் மற்ற அம்சங்கள் எல்லாம் ஒன்றே: தினமும் பத்து நிமிடம், நான்கு வாரம். இரு குழுவினரின் மனநிலையும் மேம்பட்டது. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் தெரியவில்லை. குறிப்பிட்ட எண்ணுக்கு மந்திர சக்தி இருப்பதாக விளம்பரம் செய்பவர்கள் இந்த ஆய்வை மேற்கோள் காட்டுவதில்லை. அதே ஃபிஞ்சம், அதே ஆண்டில் 12 சோதனைகளையும் 785 பேரையும் தொகுத்துப் பார்த்தபோது, மூச்சுப் பயிற்சி செய்தவர்களின் மன அழுத்தம் செய்யாதவர்களைவிடக் குறைவாக இருந்தது. விளைவின் அளவு சிறியதற்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டது. இருக்கிறது, ஆனால் மலையைப் புரட்டும் அளவு இல்லை.

2023-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த ஆய்வு கொஞ்சம் வேறு மாதிரிப் பேசுகிறது. நூற்றுக்கும் மேற்பட்டோர் 28 நாள், தினம் ஐந்து நிமிடம், தத்தம் வீட்டிலிருந்தே செய்தார்கள். ஒரு குழு மூச்சைச் சும்மா கவனித்தது. மற்ற மூன்று குழுக்கள் மூச்சை ஏதோ ஒரு முறையில் கட்டுப்படுத்தின. பதற்றம் நான்கு குழுக்களிலும் குறைந்தது. நல்ல மனநிலை அதிகமாகக் கூடியது பெருமூச்சுக் குழுவுக்கு: மூக்கால் ஒரு முறை இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சிறு இழுப்பு, பிறகு வாயால் நீளமாக விடுவது. பெருமூச்சு விட்டால் வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். நாம் அறியாமலேயே சில நிமிடங்களுக்கு ஒரு முறை எல்லோரும் பெருமூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நுரையீரலில் மூடிக்கொண்ட காற்று நுண்ணறைகளைத் திறந்துவைக்க உடம்புக்கு அது வேண்டியிருக்கிறது.

நோயாக முற்றிய பதற்றம் வேறு கணக்கு. 2022-ல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், பதற்றக் கோளாறு உள்ள 276 பேரில் ஒரு பகுதியினருக்கு எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியும், மீதிப் பேருக்கு எஸ்சிட்டலோப்ராம் மாத்திரையும் தந்தார்கள். பயிற்சி மாத்திரைக்குக் குறைந்ததாக இல்லை. ஆனால் அங்கே பயிற்சி என்பது வாரம் இரண்டரை மணி நேர வகுப்பு, தினமும் முக்கால் மணி நேர வீட்டுப் பாடம். கைபேசியில் இரண்டு நிமிடம் பார்த்து மூச்சு விட்டதற்கு அந்த முடிவை நீட்டிச் சொல்லக் கூடாது. மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது.

நடைமுறையில் மிகப் பெரிய தவறு நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் ஓர் அறிவுரையிலிருந்து வருகிறது: நல்லா ஆழமா மூச்சை இழு. படபடப்பில் இருப்பவர் ஏற்கெனவே அதிகமாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். இன்னும் நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை கிறுகிறுக்கிறது, விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகின்றன. அதைப் பார்த்துப் பயம் இன்னும் ஏறுகிறது. அவருக்குச் சொல்ல வேண்டியது, மெதுவாக வெளியே விடு என்பது.

செய்முறை எளிது. நாற்காலியில் முதுகு நிமிர்ந்து, பாதம் தரையில் படும்படி உட்கார வேண்டும். ஒரு கை தொப்புளுக்கு மேல், ஒரு கை நெஞ்சில். மூக்கால் நான்கு எண்ணும்வரை மூச்சு உள்ளே. கீழே இருக்கும் கைதான் முன்னே வர வேண்டும், மேலே இருக்கும் கை ஏறத்தாழ அசையாமல் இருக்க வேண்டும். வரவில்லை என்றால் இடுப்புக் கயிற்றையோ பெல்ட்டையோ தளர்த்திப் பார்க்கலாம். வயிற்றை உள்ளிழுத்தே நிற்கப் பழகியவர்களுக்கு இது இரண்டு மூன்று நாள் பிடிக்கும். பிறகு ஆறு எண்ணும்வரை மூக்காலோ, உதட்டைக் குவித்து வாயாலோ வெளியே. நிறுத்த வேண்டாம். மூச்சு முட்டினால் மூன்றுக்கு ஐந்து என்று குறைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்குள் மனம் சமையலறைக்கும் அலுவலகத்துக்கும் பலமுறை போய்வரும். போனதைக் கவனித்துத் திரும்பக் கூட்டிவருவதே பயிற்சியின் இரண்டாவது பாதி. இப்படித்தான் மூச்சின் வேகத்தால் வரும் பலனும் கவனத்தால் வரும் பலனும் ஒரே இருப்பில் கிடைக்கின்றன.

யாருக்கு எச்சரிக்கை? வேகமான பயிற்சிகளைக் கர்ப்பிணிகளும், வலிப்பு, இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. கபாலபாதியை அளவுக்கு மீறிச் செய்த ஒரு பெண்ணுக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிட்டதாக 2004-ல் மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது. நீச்சலுக்கு முன் வேகமாக மூச்சு வாங்குவது உயிருக்கே ஆபத்து. தண்ணீருக்குள் நினைவு தப்பலாம். ஆஸ்துமா உள்ளவர்களிலும், பீதித் தாக்குதல் கண்டவர்களிலும், கடும் வன்முறையைக் கடந்து வந்தவர்களிலும் சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கூட்டும். அவர்கள் பாதம் தரையில் படுவதையோ சுற்றியிருக்கும் சத்தங்களையோ கவனிக்கலாம், அதிலும் மனம் நிற்கும். புதிதாக வந்த நெஞ்சு வலியை டென்ஷன் என்று நினைத்து மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். தூக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இன்னொரு கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. பிரிட்டனில் 46,336 ஊழியர்களின் கணக்கெடுப்பை ஆராய்ந்து வில்லியம் ஃபிளெமிங் 2024-ல் வெளியிட்ட கட்டுரை, நிறுவனங்கள் தரும் மைண்ட்ஃபுல்னெஸ், மனவலிமைப் பயிற்சி போன்றவற்றில் சேர்ந்தவர்களின் நலம் சேராதவர்களைவிட மேலாக இல்லை என்று காட்டியது. பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடத்திய சோதனையும், வகுப்பு முழுவதற்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த மைண்ட்ஃபுல்னெஸ் பாடம் அவர்களின் மனநலத்தைக் கூட்டவில்லை என்று 2022-ல் சொன்னது. விரும்பிச் செய்பவருக்குக் கிடைக்கும் பலன், உட்காரவைக்கப்பட்டவருக்கும் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது தவறு. பன்னிரண்டு மணி நேர வேலையை அப்படியே வைத்துக்கொண்டு ஊழியருக்கு மூச்சுப் பயிற்சி தருவது அநீதியும்கூட. வேலை நேரத்தைக் குறைக்காத நிர்வாகம், அந்தச் சுமையைத் தாங்கும் பொறுப்பை அவருடைய நுரையீரலிடம் ஒப்படைக்கிறது.

அதற்காக மூச்சைக் கைவிட வேண்டியதில்லை. 2018-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் வெள்ளம் சூழ்ந்து 12 சிறுவர்கள் சிக்கியபோது, முன்பு துறவியாக இருந்த, அவர்களோடு சிக்கிய கால்பந்துப் பயிற்சியாளர் எக்கபோன் சாந்தவோங் அவர்களைத் தியானத்தில் உட்காரவைத்தார். தியானம் தண்ணீரை வடிக்கவில்லை. சிறுவர்களை மீட்டது முக்குளிப்பவர்களும் மருத்துவர்களும். ஆனால் உணவில்லாமல் இருட்டில் காத்திருந்த அந்த நாட்களில், தம் கையில் இருந்த ஒன்றை அவர்கள் பயன்படுத்தினார்கள். தன் கையில் இல்லாத சூழ்நிலையில் மாட்டிக்கொண்ட எவருக்கும் இது பொருந்தும்.

தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் களப்பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். மெதுவான மூச்சு ரத்த அழுத்தத்தைச் சிறிதளவு குறைக்கிறது. மருந்தோடு சேர்த்துச் செய்யலாம் என்று அமெரிக்க இதயச் சங்கமும் 2013-ல் கருவி வழிப் பயிற்சிக்கு இடம் கொடுத்தது. கருவி இல்லாமல் இந்தப் பயிற்சியைச் சொல்லித்தர அந்தப் பணியாளர்களுக்குப் பத்து நிமிடம் போதும், மாத்திரையை நிறுத்தக் கூடாது என்ற ஒரு வாக்கியத்தோடு. ஜிப்மர் ஆய்வு இளம் மாணவர்களிடம் நடந்தது. இரவுப் பணி முடித்து வரும் செவிலியர், நெரிசலில் நகரப் பேருந்து ஓட்டுபவர், பின்னலாடை ஆலையில் நாள் முழுக்கத் தைப்பவர் ஆகியோரிடமும் அதே மாதிரி, ஒப்பீட்டுக் குழு வைத்து, 12 வாரம் நடத்திப் பார்க்க வேண்டும். பயிற்சிக்கான அரை மணி நேரத்தைச் சம்பளத்தோடு கூடிய வேலை நேரத்துக்குள்ளேயே தர வேண்டும்.